கருவியில் 38, மார்பில் 76: அறிகுறி இல்லாத ஒருவரின் சீரற்ற இதயத் துடிப்பு

பின்னணி

47 வயது ஆண். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். கட்டடப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளர். மனைவி, 17 வயது மகன், 71 வயது அப்பா என நால்வரும் ஒரே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறார்கள். புகைப்பதில்லை. வாரத்தில் மூன்று நாள் வீட்டுக்குப் பின்னால் உள்ள பூங்கா இணைப்புப் பாதையில் ஐந்து கிலோமீட்டர் ஓடுவார். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எதிலும் குறை இல்லை. மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை. நான் அந்தக் குடும்பத்தின் மருத்துவர். அவர்கள் சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நிறுவனத்தின் வருடாந்தர உடல்நலப் பரிசோதனையில் ஈசிஜியும் இருந்தது. இரண்டு வாரம் கழித்து மின்னஞ்சலில் அறிக்கை வந்தது: ‘அசாதாரண ஈசிஜி. அடிக்கடி வென்ட்ரிக்குலர் எக்டோபிக் துடிப்புகள். மருத்துவரைப் பார்க்கவும்.’ அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. வென்ட்ரிக்குலர் என்றால் இதயத்தின் கீழறை; எக்டோபிக் என்றால் வழக்கமான இடத்திலிருந்து வராமல் வேறிடத்திலிருந்து கிளம்பும் துடிப்பு. அவருக்கோ எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை. படபடப்பு, மயக்கம், நெஞ்சுவலி, மூச்சு வாங்குதல் எதுவுமே கிடையாது. முதல் நாள்கூட ஓடிவிட்டு வந்திருந்தார்.

அன்றிரவு மனைவி கைப்பேசியில் தேடிப் பார்த்தார். ‘வென்ட்ரிக்குலர்’ என்று தேடினால் திடீர் மரணம் வரை போய் நிற்கும் என்பது தேடியவர்களுக்குத் தெரியும். அப்புறம் அப்பாவுக்காக வாங்கி வைத்திருந்த இரத்த அழுத்தக் கருவியைக் கணவர் கையில் கட்டினார். நாடி 38 என்று காட்டியது. மறுபடி கட்டினார், 37. நள்ளிரவு தாண்டி அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். அங்கே ஈசிஜி எடுத்து, மாரடைப்பில் இரத்தத்தில் கூடும் டிரோபோனின் அளவும் பார்த்து, மாரடைப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, விடியும் முன்பே குறிப்புக் கடிதத்துடன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மருத்துவமனை செய்தது சரிதான். ஆனால் அந்த 38-க்கு யாரும் பதில் சொல்லவில்லை.

முதல் சந்திப்பு

மறுநாள் மாலை இருவரும் என் கிளினிக்குக் கருவியோடு வந்தார்கள். தைப்பூசத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. அந்த ஆண்டு காவடி எடுப்பதாக அவர் நேர்ந்திருந்தார். “காவடியை விட்டுடச் சொல்லுங்க டாக்டர், நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறார்” என்பதுதான் மனைவியின் முதல் வாக்கியம்.

முதலில் அந்த 38-ஐப் பார்த்தோம். மனைவியை ஒரு கையால் கணவருடைய மணிக்கட்டு நாடியைப் பிடிக்கச் சொன்னேன்; ஸ்டெதஸ்கோப்பை அவர் காதில் மாட்டிக் கணவரின் மார்பில் வைத்தேன். அரை நிமிடம் இரண்டையும் எண்ணச் சொன்னேன். மார்பில் 38, கையில் 19. மார்பில் ‘லப்-டப், லப்-டப்’ என்று இரண்டு முறை கேட்கும்போது கையில் ஒரு முறைதான் தட்டுகிறது. அவர் நிமிர்ந்து, “பாதி எங்கே போகுது டாக்டர்?” என்று கேட்டார்.

எங்கும் போகவில்லை. வழக்கமான துடிப்புக்கு முன்பாகவே கீழறையின் ஓரிடத்திலிருந்து ஒரு துடிப்பு முந்திக்கொண்டு கிளம்புகிறது. இரத்தம் நிரம்புவதற்குள் கீழறை சுருங்கிவிடுவதால் அந்தத் துடிப்பில் வெளியே போகும் இரத்தம் குறைவு. அலை மணிக்கட்டு வரை வந்து சேர்வதில்லை. பிறகு ஒரு சிறு இடைவெளி. அடுத்த துடிப்பு நன்றாக நிரம்பிப் பலமாக அடிக்கிறது. சிலருக்கு நெஞ்சில் ‘திடுக்’ என்று தெரிவது அந்தப் பலமான துடிப்புதான். இவருக்கு அதுகூடத் தெரியவில்லை. ஒன்று விட்டு ஒன்று முந்தும் நேரங்களில், மணிக்கட்டையோ மேல்கையையோ நம்பி எண்ணும் கருவி பாதியைத்தான் எண்ணும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் அப்படித்தான். இதயம் நிமிடத்துக்கு 76 முறை துடித்துக்கொண்டிருந்தது. கருவி 38 என்றது.

பன்னிரண்டு லீடு ஈசிஜியில் நான் தேடியவை: முந்திய துடிப்புகளெல்லாம் ஒரே உருவமா, பல உருவமா? ஒரே உருவம்தான். வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்கு இரத்தம் வெளியேறும் வாய்ப்பகுதியிலிருந்து கிளம்புபவை போல இருந்தன. இயல்பான இதயங்களில் மிக அதிகமாகக் காணப்படும் இடங்களில் அதுவும் ஒன்று. கீழறை மின்தூண்டல் பெற்று மீள எடுக்கும் நேரமான கியூடி இடைவெளி இயல்பு. பழைய மாரடைப்பின் தழும்பு இல்லை. வலது கீழறைத் தசை நோயைச் சந்தேகிக்க வைக்கும்படி வலப்பக்க மார்பு லீடுகளில் டி அலை தலைகீழாக இல்லை. திடீர் மரணத்தோடு தொடர்புடைய புருகாடா வடிவமும் இல்லை.

கடைசியாகச் சொன்னதைத் தென்கிழக்காசியாவில் இருக்கும் எந்த மருத்துவரும் கவனமாகவே பார்ப்பார். 1980களில் சிங்கப்பூரின் கட்டுமானத் தளங்களில் வேலை செய்த ஆரோக்கியமான தாய்லாந்து இளைஞர்கள் பலர் தூக்கத்திலேயே இறந்தார்கள். 1990இல் ‘லான்செட்’ இதழில் அது பற்றி எழுதப்பட்டது. அத்தகைய மரணங்களில் பலவற்றுக்கும், 1992இல் புருகாடா சகோதரர்கள் விவரித்த ஈசிஜி வடிவத்துக்கும் உள்ள தொடர்பு பிறகுதான் தெரியவந்தது. ‘அறிகுறி இல்லை, அதனால் பயமில்லை’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாததற்கு அது இந்த ஊரிலேயே நடந்த சாட்சி.

குடும்ப வரலாறு

“வீட்டில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா?” என்ற கேள்விக்கு நம் வீடுகளில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரே வரிதான். இங்கேயும் அதுதான்: “தாய்மாமன் தூக்கத்துலயே போய்ட்டார்.” இதை அப்படியே குறித்துக்கொண்டால் முழு ஆய்வின் திசையே மாறிவிடும். பரம்பரை இதயத் தாளக் கோளாறு, மரபணுச் சோதனை, மகனுக்கும் பரிசோதனை என்று போயிருப்போம்.

அதனால் ஊருக்கு அழைத்துப் பேசச் சொன்னேன். காரைக்குடியில் இருக்கும் அத்தையிடம் நான்கு கேள்விகள் மட்டும்: அப்போது மாமாவுக்கு என்ன வயது? முதல் நாள் ஏதாவது சொன்னாரா? என்ன மருந்து சாப்பிட்டார்? அதற்கு முன் எப்போதாவது மயங்கி விழுந்திருக்கிறாரா? பதில் இரண்டு நாளில் வந்தது. வயது 63. இருபது வருடச் சர்க்கரை, பீடி. முதல் நாள் மாலையிலிருந்தே நெஞ்செரிச்சல் என்று சோடா குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். ஒருநாளும் மயங்கியதில்லை. ஏறக்குறைய உறுதியாக மாரடைப்பு. ஐம்பது வயதுக்குள் காரணம் தெரியாமல் இறந்தவர், நீரில் மூழ்கி இறந்த நல்ல நீச்சல்காரர், வலிப்பு என்று சொல்லப்பட்ட இளைஞர் என்று பரம்பரைத் தாளக் கோளாறைச் சந்தேகிக்க வைக்கும் வேறு யாரும் அந்தக் குடும்பத்தில் இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முந்திய துடிப்பு இருக்கிறது என்பது உறுதியாகிவிட்டது. அது இருக்கும் இதயம் எப்படிப்பட்டது என்பதுதான் அடுத்த கேள்வி. ஆபத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அடியில் உள்ள இதயத் தசையும் இரத்தக் குழாயும்தான். ஆகவே எக்கோ (இதயத்தின் ஒலியலைப் படம்), 24 மணி நேர ஹோல்ட்டர் (உடலில் மாட்டிக்கொண்டு போகும் தொடர் ஈசிஜி), டிரெட்மில் சோதனை (ஓடவைத்து எடுக்கும் ஈசிஜி), இரத்தத்தில் பொட்டாசியம், மெக்னீசியம், தைராய்டு, ஹீமோகுளோபின் ஆகியவற்றைப் பார்ப்பதென்று முடிவு செய்து இதய நிபுணருக்கு எழுதினேன். அரசின் பலதுறை மருந்தகம் வழியாகப் போனால் சலுகைக் கட்டணம் கிடைக்கும், ஆனால் காத்திருக்க வேண்டும். நிறுவனக் காப்புறுதி இருந்ததாலும் தைப்பூசம் நெருங்கியதாலும் தனியார் நிபுணரிடம் போனார்.

மனைவி, இதய இரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோவும் சேர்த்து எடுத்துவிடலாமே என்று கேட்டார். ஓடும்போது நெஞ்சில் எதுவும் செய்யாத, பின்னர் டிரெட்மில்லிலும் அடைப்புக்கான மாற்றம் எதுவும் காட்டாத ஒருவருக்கு அந்தச் சோதனை தரும் தகவலைவிடத் தேவையில்லாத அடுத்தடுத்த சோதனைகளுக்கு இழுத்துப்போகும் வாய்ப்பே அதிகம் என்று நிபுணரும் நானும் ஒத்துப்போனோம். எம்ஆர்ஐ பற்றியும் பேசினோம். முந்திய துடிப்புகள் பல உருவத்தில் இருந்தாலோ, உடற்பயிற்சியில் கூடினாலோ, எக்கோவில் சிறு சந்தேகம் வந்தாலோ எடுப்பது என்று வைத்துக்கொண்டோம்.

முடிவுகள் வந்தபோது

எக்கோவில் இதயத்தின் அளவும் சுருங்கும் திறனும் இயல்பு. ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை வெளியேற்றும் இரத்தத்தின் பங்கான இஎஃப் 62 விழுக்காடு. இரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சரி. ஹோல்ட்டரில் 24 மணி நேரத்துக்கு 1,02,400 துடிப்புகள். அவற்றில் 8,700 முந்தியவை, அதாவது சுமார் 8.5 விழுக்காடு. மூன்றும் அதற்கு மேலும் தொடர்ந்தாற்போல் வந்த ஓட்டம் ஒன்றுகூட இல்லை.

எனக்கு மிக முக்கியமாகப் பட்டது டிரெட்மில்தான். தொடங்கும்போது ஒன்று விட்டு ஒன்று முந்திக்கொண்டிருந்தது. இதயத் துடிப்பு 115-ஐத் தாண்டியதும் முந்தியவை மெல்ல மறைந்தன. 130-க்கு மேல் ஒன்றுகூட இல்லை. பதினொரு நிமிடம் ஓடினார். நின்று மூச்சு வாங்கும்போது திரும்ப வந்தன. முயற்சி கூடும்போது மறைவது இவ்வகைத் துடிப்புகளில் நல்ல அடையாளம். முயற்சியில் கூடினால், அதிலும் பல உருவங்களில் கிளம்பினால், கதையே வேறு.

8,700 என்ற எண்ணைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. முழுநாள் எண்ணிக்கையைச் சொல்லும்போது பின்னாலேயே விழுக்காட்டையும் சொல்ல வேண்டியிருப்பது இதனால்தான். முந்திய துடிப்புகளே மிகுந்து இதயத் தசையைத் தளரச் செய்வது உண்டு; 2010இல் வெளியான ஓர் ஆய்வு 24 விழுக்காட்டை எல்லையாகக் காட்டியது. பத்துக்குக் கீழே அது அரிது. 8.5 என்பது பயப்பட வேண்டிய எண் அல்ல; மறந்துவிடக்கூடிய எண்ணும் அல்ல. ஆண்டுக்கு ஒரு முறை பார்க்க வேண்டியது.

மருந்து கொடுக்காதது ஏன்

“இருக்குன்னு தெரிஞ்சப்புறம் சும்மா விடறதா?” இது அப்பா கேட்டது. நியாயமான கேள்வி.

1985இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வொன்று, அறிகுறி இல்லாத, மற்றபடி ஆரோக்கியமான, அடிக்கடி சிக்கலான வடிவங்களிலும் முந்திய துடிப்புகள் வரும் 73 பேரைச் சராசரியாக ஆறரை ஆண்டு கவனித்தது. அவர்களுடைய ஆயுள் பொது மக்களுடையதைவிடக் குறைந்திருக்கவில்லை. இன்னொரு பக்கம், மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு இந்தத் துடிப்புகளை அடக்கினால் உயிர் காக்கலாம் என்று நம்பி ‘காஸ்ட்’ என்ற பெரிய ஆய்வு நடந்தது. ஃபிளெகனைடும் என்கனைடும் துடிப்புகளை நன்றாகவே அடக்கின. ஆனால் மருந்து சாப்பிட்டவர்களில்தான் அதிகம் பேர் இறந்தார்கள். 1989இல் அந்த மருந்துகளை நிறுத்த வேண்டியதாயிற்று. அவர்கள் நோயுற்ற இதயம் கொண்டவர்கள், நம்மவர் அப்படியில்லை என்பது உண்மை. ஆனாலும் ஈசிஜி அழகாகிவிட்டால் ஆள் பாதுகாப்பாகிவிட்டார் என்ற எண்ணம் அன்றோடு போயிற்று.

தொந்தரவு இருந்திருந்தால் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் தந்து பார்த்திருக்கலாம். தொந்தரவே இல்லாதவருக்கு அதன் சோர்வும் மந்தமும்தான் புதிய அறிகுறியாகியிருக்கும். மின்முனை வைத்து அந்த இடத்தைச் சுடும் அப்லேஷன் சிகிச்சைக்கும் காரணம் இல்லை.

காவடி

டிரெட்மில் முடிவு வந்த பிறகு இது அவ்வளவு கடினமான முடிவாக இல்லை. சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நடை. எனக்கிருந்த கவலை நடையோ சுமையோ அல்ல. விரதமும் வெயிலும் தூக்கமின்மையும்தான். உடலில் நீரும் பொட்டாசியமும் குறைந்தால் முந்திய துடிப்புகள் கூடலாம்.

எடுக்கலாம் என்று சொன்னேன். விரத நாட்களில் ஒருவேளை உணவோடு இளநீர், வாழைப்பழம், மோர் என்று ஏதாவது இருக்க வேண்டும். வெயிலுக்கு முன், இரவிலோ அதிகாலையிலோ கிளம்பும் நேரமாகப் பதிவு செய்ய வேண்டும். வழியில் தண்ணீர்ப் பந்தலைத் தவறவிடக் கூடாது. தலைசுற்றினால் இறக்கி வைத்துவிட வேண்டும், வேண்டுதல் அங்கேயே நிறைவேறியதாக வைத்துக்கொள்ளலாம். கடைசி நிபந்தனையை மனைவிதான் இரண்டு முறை சொல்ல வைத்தார். காவடி எடுத்தார், இறக்கினார், ஒன்றும் நேரவில்லை.

அடுத்த சில மாதங்கள்

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான். கோயிலுக்கு நடந்தவர் பூங்காவில் ஓடுவதை நிறுத்தியிருந்தார். “முருகன் கூட இருக்கும்போது பயமில்ல டாக்டர், தனியா ஓடுறப்பதான்” என்றார். எடை நான்கு கிலோ கூடியது. ஆக்சிமீட்டர் ஒன்றை வாங்கிச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்; கூட்டத்தின் நடுவில், எம்ஆர்டி ரயிலில், இரவு கழிப்பறைக்கு எழுந்தால் அப்போதும் விரலில் மாட்டிப் பார்ப்பார். எப்போதும் 120-க்குள் இருந்த இரத்த அழுத்தம் 138 ஆனது. கூடுதலாக ஒரு காப்புறுதித் திட்டத்துக்கு விண்ணப்பித்திருந்தார்; ‘அசாதாரண ஈசிஜி’ என்ற சொல்லைப் பார்த்ததும் அந்த நிறுவனம் விண்ணப்பத்தை நிறுத்தி வைத்தது. எக்கோ, ஹோல்ட்டர் அறிக்கைகளை அனுப்பி, நிபுணரிடம் கடிதம் வாங்கி, ஏற்றுக்கொள்ள வைக்க ஐந்து மாதமானது. துடிப்பு அவருக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அதைக் கண்டுபிடித்த விதம் செய்தது.

ஆக்சிமீட்டரைத் தூக்கிப் போடச் சொன்னால் கேட்கமாட்டார் என்று தெரியும். மாதம் ஒரு முறை என் கிளினிக்கில் ஈசிஜி எடுக்கிறேன், அதுவரை பார்க்க வேண்டாம் என்று பேரம் பேசினோம். முதல் இரண்டு வாரம் மனைவியும் கூடவே ஓடினார்.

கோப்பியை அவராகவே விட்டிருந்தார். 2023இல் வெளியான ஓர் ஆய்வில் 100 பேரைச் சில நாள் காபி குடிக்கவும் சில நாள் தவிர்க்கவும் சொன்னார்கள். மேலறையில் முந்தும் துடிப்புகள் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை; கீழறையில் முந்துபவை நாளுக்குச் சராசரி 102 என்பது 154 ஆனது, தூக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. நாளுக்கு 8,700 உள்ளவருக்கு பாலில்லாத ஒரு கோப்பி-ஓ பெரிய வித்தியாசம் செய்யாது. காலையில் ஒன்று குடியுங்கள் என்றேன்.

அதே கருவி, அப்பாவின் கை

இந்த நிகழ்வை எழுதலாம் என்று தோன்றியதே இதனால்தான். காவடி முடிந்து சில மாதம் கழித்து, அப்பா கருவியைக் கட்டியபோது சீரற்ற துடிப்பைக் காட்டும் சிறிய இதயக் குறி திரையில் மின்னியது. தொடர்ந்து பல நாள் மின்னியது. மகன் பார்த்துவிட்டு, “எனக்கும் அதேதாம்ப்பா, டாக்டர் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டார்” என்று சொல்லியிருக்கிறார். பெரியவருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. இரண்டு வாரம் போயிற்று. அவருக்குச் சர்க்கரை மருந்து வாங்க வந்த மருமகள் பேச்சுவாக்கில் சொன்னதால் தெரிந்தது.

வரச்சொல்லி நாடியைப் பிடித்தபோதே வித்தியாசம் புரிந்தது. மகனுடைய நாடியில் ஓர் ஒழுங்கு உண்டு: துடிப்பு, இடைவெளி, துடிப்பு, இடைவெளி. பெரியவருடையதில் எந்த ஒழுங்கும் இல்லை. அடுத்தது எப்போது வரும் என்று சொல்லவே முடியாது. ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மேலறைகள் சேர்ந்து சுருங்காமல் நடுங்குகின்றன. தேங்கும் இரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த ஆபத்தைச் சுமார் ஐந்து மடங்கு கூட்டுவது இந்த நிலை. வயதுக்கு ஒன்று, இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று என அவருடைய பக்கவாத ஆபத்துக் கணக்கு மூன்று. இரத்த உறைவைத் தடுக்கும் அபிக்ஸபான் தேவை.

“அவனுக்கு ஒண்ணும் வேணாம், எனக்கு மட்டும் வாழ்நாள் பூரா மாத்திரையா? எனக்கும்தான் ஒண்ணும் செய்யலியே” என்றார் பெரியவர். இருவர் ஈசிஜி தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “ஐயா, இது வேற இடம், அது வேற இடம்” என்று விரலால் காட்டினேன். அரை மனதோடு சம்மதித்தார். சிறுநீரகச் செயல்பாடு பார்த்து அளவு முடிவானது.

ஓராண்டுக்குப் பின்

மகனின் எக்கோ அப்படியே இருக்கிறது. ஹோல்ட்டரில் முந்தியவை மூன்று விழுக்காடு. கோப்பியை விட்டதால்தான் என்று சொல்ல வாயெடுத்தார். பொங்கலிலிருந்து நாளுக்கு இரண்டு குடிப்பதை மனைவி நினைவுபடுத்தினார். இந்த எண்ணிக்கை நாளுக்கு நாள் தானாகவே பெரிதும் மாறும். ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் திரும்பிவிட்டது. இரத்த அழுத்தம் பழையபடி. அப்பா மருந்தைத் தவறாமல் சாப்பிடுகிறார், பல் பிடுங்கப் போனபோது மறக்காமல் பல் மருத்துவரிடம் சொன்னார்.

இனி என்ன மாறும்

எக்டோபிக் என்று எழுதி வரும் அறிக்கையோடு யார் வந்தாலும், இப்போதெல்லாம் மார்பையும் மணிக்கட்டையும் அவர்களையே எண்ண வைக்கிறேன். பயம் போக அதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை. ‘உங்களுக்கு ஆபத்தில்லை’ என்று சொல்லும்போது ‘இது உங்கள் துடிப்புக்கு மட்டும்; வீட்டில் வேறு யாருக்கு அந்தக் குறி வந்தாலும் தனியாக ஈசிஜி வேண்டும்’ என்று தாளில் எழுதிக் கொடுக்கிறேன். 65 வயதைத் தாண்டியவர் வீட்டில் இருந்தால், அவர் வேறு எதற்கு வந்தாலும் நாடியைப் பிடித்துப் பார்க்கிறேன்.

ஊழியர் பரிசோதனை நடத்தும் நிறுவனத்துக்கும் எழுதினேன்: ஒரு வரி முடிவோடு ஈசிஜி தாளின் நகலும், எவ்வளவு அவசரம் என்ற குறிப்பும் வேண்டும் என்று. நகல் இப்போது வருகிறது. அவசரக் குறிப்பு இன்னும் வரவில்லை.

பேரனுக்கு இதற்கிடையே தேசிய சேவைக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனை வந்தது. படிவத்தில் குடும்ப வரலாறு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார்கள். நடந்ததை அப்படியே எழுதச் சொல்லி, அப்பாவின் எக்கோ அறிக்கையின் நகலையும் கையில் கொடுத்தனுப்பினேன். அவனுடைய ஈசிஜி இயல்பாக இருந்தது.